கட்டில் பன்னிரண்டுக்கு ஒரு போர்வை

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

ஆறு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரியை இரண்டு முறை எழுதி, இரண்டு தாளையும் கிழித்துப் போட்டேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவின் போர்வை ஆஸ்பத்திரிச் சலவையில் பாழாகிவிட்டது. பத்தொன்பது வயதில் அவளுக்கு முதல்முறை மனம் பிசகிய குளிர்காலத்தில் நீ துணி வெட்டினாய், நான் தைத்தேன். நாற்பத்தெட்டுச் சதுரங்களை இணைத்து உள்ளே பஞ்சு வைத்த போர்வை. இருபத்தைந்து வருடமாக அதைத் தவிர வேறெதையும் போர்த்தி அவள் தூங்கியதில்லை.

இப்போது தூங்குவதில்லை. பதினெட்டு நாட்களாகச் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. சர்க்கரை போட்ட பால், சில நாள் ஒரு பிஸ்கட். அதுவும் நர்ஸ் பக்கத்தில் நின்று கெஞ்சினால்தான். டிசம்பரில் நாற்பத்தொரு கிலோ இருந்தாள். நேற்று முப்பத்தெட்டரை. முப்பத்தாறுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியே குழாய் போட வேண்டும், அதற்கு இந்த வார்டில் வசதி இல்லை, பூட்டிய வார்டு இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஒரு பகலும் ஒரு இரவும் ரயில் போகிற தூரம். எனக்கு எழுபத்துமூன்று வயது. அங்கே போனவர்கள் திரும்பி வருவதுண்டா என்று நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

அந்த வருடம் மிஞ்சிய வெட்டுத்துணிகளை நீதான் மூட்டையாகக் கட்டி எடுத்துப்போனாய். அதிலிருந்து எனக்கு முப்பத்தொரு சதுரங்களுக்கான துணி வேண்டும். மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்டது ஆறு. நீலத்தில் வெள்ளைப் புள்ளி ஐந்து. பச்சைக் கோடு நான்கு. சாம்பல் நிற ஃபிளானல் எட்டு. ரோஜாக் கொடி போட்ட சீட்டித் துணி எட்டு. ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம், தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு. வெயில் பட்டு வெளுத்த பக்கமாக இருந்தால் நல்லது.

விரைவில் அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி

*

ஜனவரி 14

அண்ணிக்கு வணக்கம்.

கவர்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், ஐயோ அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். அவர் போய் ஆறு வருஷம் ஆனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது "நாத்தனாருக்கு" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் யார் என்று எனக்கே மறந்திருக்குமோ என்ற சந்தேகமா? உங்கள் வீட்டில் எல்லாரும் என்னை மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்களும் ஒரு காலத்தில் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

நான் இருக்கிற லட்சணத்தைக் கேளுங்கள். போன மாதம் என் தையல் கடைப்படியில் வழுக்கி விழுந்து, இடது கால் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. கடையில் துணி வெட்டுகிற மேசைமேலேயே படுக்கை. கீழே இருக்கிற பேக்கரிக்காரர்தான் மூன்று வேளையும் ரொட்டியும் சூப்பும் கொண்டுவருகிறார், கூடவே தெருக்கதை முழுவதையும். "டேபிள் மேல துணியத்தான் விரிப்பாங்க, நீங்க உங்களையே விரிச்சுக்கிட்டீங்களேம்மா, எந்த அளவுல வெட்டட்டும்?" என்று கேட்கிறார் மனுஷர். இந்தக் கட்டு மட்டும் இல்லையென்றால் கடிதம் வந்த அன்றே ரயில் ஏறியிருப்பேன். நீங்கள் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசியிருப்பீர்கள். அது வேறு விஷயம்.

மூட்டை பரணில் இருக்கிறது. பேக்கரிக்காரரை ஏறி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். சலவை இயந்திரம் எண்ணிப் பார்த்துத்தான் பாழாக்குமா? நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று போய்ப் பதினேழு மட்டும் முழுசாகப் பிழைத்தது எப்படி? வெளிர் நிறமெல்லாம் போயிருக்கிறது, அடர் நிறம் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தப் போர்வையை நான் மறக்கவில்லை அண்ணி. உங்கள் தையலையும் மறக்கவில்லை. ஒரு அங்குலத்துக்குப் பத்து, எண்ணி வைத்த மாதிரி. அந்தத் தையலைத் தண்ணீர் பிரிக்காது. பிரித்தால் நீங்கள்தான் உட்கார்ந்து பிரித்திருக்க வேண்டும்.

என்ன செய்தீர்கள்? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜம் தெரியாமல் எந்தத் துணியை எடுத்துக் கொடுப்பது?

பாப்பாவை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து என்னிடம் விடுங்கள் என்று அண்ணன் காரியம் முடிந்த அன்று கெஞ்சினேன். "என் பெண்ணை எங்கே வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள். "பீரோவுல துணி அடுக்குற மாதிரி அடுக்கிட்டு வந்துட்டீங்க" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவும் மனசு வரவில்லை.

கடை போன் நம்பர் மாறவில்லை. நீங்கள் கூப்பிட மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மைனா

*

ஜனவரி 18

நாத்தனாருக்கு,

நீ சொன்னது சரி. சலவை என்பது பொய். நான் பொய் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போர்வையின் ஒரு மூலை பிரிந்து பஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது. தைத்துத் தரும்படி வார்டு நர்ஸ் கேட்டாள். நாலு நாளில் கொண்டுவருகிறேன் என்று பாப்பாவிடம் சொன்னேன். அவளே மடித்து என் கையில் கொடுத்தாள். "சீக்கிரம்மா" என்றாள். தன் கையால் கொடுத்தாள் என்பதை நீ கவனிக்க வேண்டும். இதுவரை அவள் அதை யாரிடமும் கொடுத்ததில்லை.

வீட்டில் ஜன்னலோரம் மேசையைப் போட்டு அந்த மூலையை மட்டும் பிரித்தேன். பின்பக்கம் தெரிந்தது. துணி நைந்து சல்லடையாகி இருந்தது. பக்கத்துச் சதுரத்தைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. எங்கள் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த மதர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள், துணியைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். அறுபது வருடமாக நானும் அப்படித்தான் பார்க்கிறேன். பிரிக்க ஆரம்பித்த கை நிற்கவில்லை. மறுநாள் மாலைக்குள் போர்வை நாற்பத்தெட்டுத் துண்டாகத் தரையில் கிடந்தது. முப்பத்தொன்று தேறாது என்று ஒதுக்கினேன். கடைக்குப் போய் நல்ல பாப்ளின் வாங்கினேன். ஒரு அடர் நிறம், ஒரு வெளிர் நிறம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். மூன்றாம் வரிசையில் மரூன் வெல்வெட்டுக்குப் பக்கத்திலேயே பழுப்பு கார்டுராய் வருமே, அந்த உன் பழைய தவறையும் திருத்தினேன். இத்தனை வருடமாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த இடம் அது. உன் அண்ணன்தான் "விட்டுடு, விட்டுடு" என்று தடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய துண்டுகளைக் குப்பையில் போட்டேன். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நாலாம் நாள் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோனேன். பாப்பா விரித்தாள். தடவிப் பார்த்தாள். பிறகு ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நான் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தபடியே நாலாக மடித்து, வார்டுக்கு வெளியே தரையில் கொண்டுபோய் வைத்தாள். நர்ஸிடம், "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க சிஸ்டர், வந்து கேட்டா குடுத்துடுங்க" என்றாள். என்னிடம் திரும்பி, "என்னோடது எங்கம்மா?" என்றாள்.

"இதுதான்டி. சரி பண்ணியிருக்கேன்."

"சரி பண்ணிட்டியா" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ திட்டுவதானால் திட்டிக்கொள். ஆனால் துணியைச் சீக்கிரம் அனுப்பு. இன்று முப்பத்தேழு கிலோ எழுநூறு.

இப்படிக்கு,
அண்ணி

*

ஜனவரி 23

அண்ணி,

படித்துவிட்டுக் கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தேன். சத்தம் கேட்டுப் பேக்கரிக்காரர் மாவுக்கையோடு ஓடிவந்தார். "காலுதான் ஒடஞ்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த மூன்றாம் வரிசை என் தவறு இல்லை.

இருபத்தைந்து வருஷமாக என் தவறு என்றே வைத்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்தேன். நீங்கள் கடைக்குப் போயிருந்த மத்தியானம் அது. துண்டுகளைத் தரையில் பரப்பி அடர்த்தி, வெளிர் என்று நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். பாப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக வாய் திறக்காமல் இருந்தவள். எழுந்து வந்து ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தாள். மரூன் வெல்வெட்டுக்குப் பக்கத்தில் கார்டுராய். "ரெண்டும் இருட்டா இருக்கேடி, நல்லா இருக்குமா?" என்று கேட்டேன். "அதுக்கு அதுகூட இருக்கத்தான் பிடிச்சிருக்கு அத்தை" என்றாள். மறுபடி போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் அப்படியே குண்டூசி குத்திவிட்டேன்.

உங்களிடம் சொல்லியிருந்தால் ஒன்று, அவளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தியிருப்பீர்கள். இல்லையென்றால் பெருமைப்பட்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். இரண்டில் எது நடந்தாலும் அவள் மறுபடி கையை நீட்டியிருக்க மாட்டாள். அதனால் என் தவறாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது தோன்றுகிறது, சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் உங்கள் கை அந்த இடத்திலாவது நின்றிருக்கும். நின்றிருக்குமா அண்ணி?

போர்வையில் அவள் வைத்தது அந்த ஒரே ஒரு துண்டுதான். அதைத்தான் சரி பண்ணினீர்கள்.

மூட்டையில் பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. பத்தொன்பது சதுரத்துக்குத் தேறியது. கவருக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு ஒன்றுகூட இல்லை. சீட்டித் துணி மூன்றுதான். வரிசையை எனக்கு ஞாபகம் இருந்தவரை பேக்கரிக் காகிதத்தின் பின்பக்கம் வரைந்து அனுப்புகிறேன். எண்ணெய்க் கறை இருக்கும், மன்னிக்கவும்.

எப்படியாவது அவளைச் சாப்பிட வையுங்கள்.

மைனா

*

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஊசியைத் தொடவில்லை. மறுநாள் ஆரம்பித்தேன்.

நீ அனுப்பிய பத்தொன்பது போக மீதிப் பன்னிரண்டுக்கு நகரத்தில் ஒரு துணிக்கடை விடாமல் ஏறி இறங்கினேன். பச்சைக் கோட்டுக்காக மட்டும் ஏழு கடை. ஏழாவது கடைக்காரர், "அம்மா, இந்த மாதிரிக் கோடு போட்டவங்களே இப்ப இருக்க மாட்டாங்க, போய்ச் சேர்ந்திருப்பாங்க" என்றார். கடைசியில் ஒரு பழைய தலையணை உறையில் கிடைத்தது. புதுத் துணிகளைப் பன்னிரண்டு முறை சலவைச் சோடாத் தண்ணீரில் துவைத்துத் தேயிலைச் சாயத்தில் முக்கி வெயிலில் வெளுக்க வைத்தேன். அவள் தொட்டுத் தொட்டு நைந்த இடங்களில் நானும் படிக்கல்லில் தேய்த்தேன். ஒரு நல்ல துணியைக் கெடுப்பதற்கு இத்தனை பாடுபட்டது இதுதான் முதல்முறை. உன் எண்ணெய்க் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, மரூன் வெல்வெட்டுக்குப் பக்கத்தில் கார்டுராயை வைத்துத் தைத்தேன். அந்த இடத்துக்கு வந்தபோது மட்டும் தையலின் அளவு என் கையைவிட்டுப் போயிற்று. பிரிக்காமல் விட்டேன்.

ஏழு நாள். நேற்றுக் கொண்டுபோனேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகர்ந்து பார்த்தாள். மூன்றாம் வரிசைக்குக் கை தானாகப் போனது. இரண்டு துண்டுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நர்ஸ்கூட மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள். நர்ஸைப் பார்த்து, "நல்லா தைக்கிறாங்க இல்ல" என்றாள். யாரோ ஒரு தையற்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மாலைப் பாலையும் வேண்டாம் என்றாள்.

முப்பத்தாறு கிலோ அறுநூறு. மாற்றல் தாளை டாக்டர் எழுதி மேசையில் வைத்துவிட்டார். கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைவரை பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஏன் போன் செய்வதில்லை என்று உனக்குத் தோன்றும். கடிதத்தில் ஒரு வரி உடைந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்கலாம். போனில் அது முடியாது. இந்தக் கடிதத்துக்கு இதுவரை ஐந்து தாள் ஆகிவிட்டது.

நீ கேட்டிருந்தாய். தெரிந்திருந்தால் கை நின்றிருக்குமா என்று. நின்றிருக்காது. இதைத்தான் இத்தனை நாளாக எழுதாமல் இருந்தேன். பத்து வயதுவரை அவள் பாவாடைக்கு நான் துணி எடுத்தேன். பத்துக்குப் பிறகும் எடுத்தேன். படிப்பை நான் எடுத்தேன். பேசி முடித்து நின்றுபோன அந்தக் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். எல்லாம் நல்ல துணி, நல்ல தையல். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு குறை இருக்காது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் யாருக்கும் எழுதியதில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 6

அண்ணி,

நீளமாக எழுத நேரமில்லை. பேக்கரிக்காரர் தபாலாபீஸுக்குக் கிளம்பி நிற்கிறார்.

இனி பழைய போர்வையைத் தைக்காதீர்கள். அது செத்துப்போச்சு. செத்தவரை மாதிரியே வேஷம் போட்டு இன்னொருத்தரைக் கொண்டுபோய் நிறுத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவளுக்குச் சித்தம்தான் கலங்கியிருக்கிறது, கண் மங்கவில்லை.

கடையில் இருக்கிற துணி மொத்தத்திலும் ஒவ்வொரு துண்டு வெட்டிவிட்டேன். திரைச்சீலை, சட்டை, கோட்டு உள்துணி, மேசை விரிப்பு, வாடிக்கையாளர் திரும்ப வாங்காமல் போன கல்யாண கவுன் ஒன்று. எழுபது துண்டு இருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தாது. பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

உங்கள் வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் நீங்கள் இஸ்திரி போட்டு, நிறம் பிரித்து, பாதியை ஒதுக்கிவிட்டுத்தான் கொண்டுபோவீர்கள். அதனால் நேரே வார்டுக்கு, பாப்பா பேருக்கே அனுப்புகிறேன். நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், அவ்வளவுதான். துணியை அவள் பார்க்கட்டும். எது வேண்டுமோ எடுக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் அவளே சொல்லட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாயைத் திறக்காதீர்கள். முடியுமா அண்ணி?

மைனா

*

பிப்ரவரி 13

மைனா,

முடியவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பார்சல் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நான் போனபோது பிரிக்காமல் கட்டில்மேல் இருந்தது. கத்தரிக்கோல் வார்டுக்குள் வரக் கூடாது என்பதால் நர்ஸ் தன் அறைக்கு எடுத்துப்போய்த் தையலை வெட்டிக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினாள். எனக்குத் தலை சுற்றியது, நீ சொன்னபடி. ஆரஞ்சு நிறத்துக்குப் பக்கத்தில் ஊதா. மீன் படம் போட்ட திரைச்சீலை. அந்தக் கல்யாண கவுன் துண்டில் யாரோ சூப் கொட்டியிருக்கிறார்கள்.

பாப்பா எதையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தேன். ஆறாவது நிமிடம் ஒரு துண்டைத் தூக்கி, "இது நல்ல பருத்திம்மா, சாயம் போகாது" என்றேன். இன்னொன்றை எடுத்து, "இது கோட்டுக்குள்ள வைக்கிற துணி, வழவழன்னு இருக்கும், தொட்டுப் பாரேன்" என்றேன். மூன்றாவதை எடுக்கும்போது நர்ஸ் என் தோளில் கைவைத்தாள். "அம்மா, நீங்க துணி விக்க வந்தீங்களா, பொண்ணப் பாக்க வந்தீங்களா? கொஞ்சம் சும்மா உக்காருங்களேன்" என்றாள். என் வயதில் பாதிகூட இல்லாதவள். இதுவரை என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, உன்னைத் தவிர. உட்கார்ந்தேன். கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துப் பாப்பா கட்டிலிலிருந்து கீழே குனிந்தாள். நர்ஸ் கழற்றிப் போட்டிருந்த மேலுறையை எடுத்தாள். நீ பார்சலைச் சுற்றித் தைத்திருந்தாயே, அந்தக் காடாத்துணி. முரட்டுத் துணி. அரக்கு உடைந்து ஒட்டியிருந்தது. அதை மடியில் விரித்து, நீ மையில் எழுதியிருந்ததன்மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். தன் பேரை. முழுப் பேரை.

மைனா, அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு எத்தனை வருடம் இருக்கும்? வீட்டில் பாப்பா. இங்கே கட்டில் பன்னிரண்டு. மருந்துச் சீட்டில்கூட எண்தான். அவளே அந்தப் பேரை முதல்முறையாகப் பார்க்கிறவள்போல இரண்டாம் தடவையும் படித்தாள்.

"எனக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். ஐம்பது நாளைக்குப் பிறகு.

"ஆமா" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

எழுபது துண்டையும் ஒன்றாகச் சேர்த்து அள்ளி என் மடியில் போட்டாள். காடாத்துணியை மட்டும் மார்பின்மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். ஒரு கஜத்துக்கும் குறைவு. இடுப்புவரைகூட வராது, இழுத்தால் தோள் தெரியும். அதற்குள் முழங்காலை மடக்கிச் சுருண்டுகொண்டு மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் கேட்டுச் சூப் குடித்தாள். அரைக் கிண்ணம்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் நல்ல காடாத்துணி வாங்கி அதே அளவில் வெட்டி, என் கையெழுத்தில் அவள் பேரை எழுதிக் கொண்டுபோனேன். என் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கும், உனக்கே தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தபால் முத்திரை எங்கம்மா?" என்றாள். கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோபமில்லை. தவறான விலாசத்துக்கு வந்ததைத் தபால்காரரிடம் கொடுப்பதுபோல.

வெள்ளிக்கிழமையாகிய இன்று எடை பார்த்தார்கள். முப்பத்தாறு கிலோ நூறு. ஏறவில்லை. டாக்டர் தாளைக் கிழித்துப் போடவில்லை, இழுப்பறையில் வைத்தார். இரண்டு வாரம் என்றார். அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அளந்து பார்த்துவிட்டேன். அவள் உயரத்துக்கும் அகலத்துக்கும் மொத்தம் பன்னிரண்டு வேண்டும். ஒன்று இருக்கிறது. ஆறு நீ அனுப்பு. நாளுக்கு ஒன்றாக அனுப்பு, ஒரே கட்டாக அனுப்பிவிடாதே, அப்படி அனுப்பினால் மேலுறை ஒன்றுதான் கிடைக்கும். உள்ளே என்ன வைத்தாலும் சரி, பேக்கரிக்காரரின் ரொட்டியை வைத்தாலும் சரி. எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வருகிற வரிசையில் அவள் அடுக்கட்டும், எழுத்து தலைகீழாக இருந்தாலும் தைக்கிறேன்.

மீதி ஐந்தை நான் அனுப்புகிறேன். முதல் பார்சலை இன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் போட்டேன். தபாலாபீஸ் குமாஸ்தா விலாசத்தைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, எதிர்த்தாப்புலதான் ஆஸ்பத்திரி. இப்ப அங்கேருந்துதான வர்றீங்க? நடந்து போய்க் கையில குடுத்துடலாமே" என்றார்.

"கையில குடுத்தா வாங்க மாட்டாப்பா" என்றேன்.

அவர் கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்து, எழுத்தின்மேல் படாமல், அழுத்திக் குத்தினார்.

நீ இன்றே ஆரம்பி. அவள் பேரை முழுதாக எழுது.

அண்ணி